ஐம்பத்தொரு தட்டும் ஒரு திமிங்கிலமும்

கோட்டைக்குப்பம்
3.8.2025

பெங்களூரில் உட்கார்ந்தபடியே மனிதர்களுக்கு வயது ஏற்றும் உத்தியோகம் பார்க்கும் என் அக்கா மகள் அர்ச்சனாவுக்கு,

தாய்மாமன் தசரதன் எழுதுவது. இந்தக் கடிதத்திலும் இனி வரும் கடிதங்களிலும் நான் சொல்லப்போவதை எவரும் நம்பமாட்டார்கள் என்று பழவேற்காட்டு ஏரித் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்து தொடங்குகிறேன். நம்பினால் குற்றம் உன்னுடையது.

போனில் கேட்டால் மாமா சிரித்தே மழுப்புவார், தாளில் எழுதச் சொன்னால் மாட்டுவார் என்று நீ போட்ட கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. நீ அனுப்பிய பழைய போன் பத்திரமாக வந்தது. சிம் இல்லாத போன் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். "உம் பொண்ணு எனக்கு ஒரு ஊரையே பார்சல் பண்ணி அனுப்பிக்கிறா"ன்னு சொன்னேன். "இருக்கிற ஊரே உன்னால தாங்கல"ன்னு சொல்லிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

அந்தப் போனுக்குள் 'வாழ்ந்து பார்' என்று நீ வேலை செய்கிற ஆட்டம் இருந்தது. என் பெயரிலேயே ஒரு பிள்ளையைப் பெற்றுப் போட்டேன். பால் குடித்தான், தவழ்ந்தான், பள்ளிக்கூடம் போனான். எனக்கே கண் கலங்கியது. பதின்மூன்று வயது ஆனதும் திரையில் ஒரு பொத்தான். 'பதின்பருவம். தாண்டிச் செல்ல இங்கே தொடவும்.' இறால் உரித்துப் பழகிய கட்டைவிரல், சும்மா இருக்குமா? தொட்டுவிட்டது.

அர்ச்சனா, என் நெஞ்சு ஒரு நாழிகை நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பையனுக்கு மீசை, டை, கையில் பெட்டி. ஏழு வருஷம் எங்கே போனது? படகுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன். சரி, இரண்டாவது தடவை தொடாமல் பார்ப்போம் என்று பொறுமையாக உட்கார்ந்தேன். அது அதைவிடப் பேரதிர்ச்சி. பையன் ஃபிரிட்ஜைத் திறக்கிறான், தின்கிறான், தூங்குகிறான், மறுபடி ஃபிரிட்ஜ். ஏழு வருஷத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "இன்னாடா மொறைக்கிற"ன்னு அவனைக் கேட்கவில்லை. இதற்கு அவன் பிறக்காமலே இருந்திருக்கலாம்.

நம்ம ஊரில் பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளைகள் வாழ்க்கையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய். எனக்குப் பதினைந்தில் குரல் உடைந்தது. அந்தச் சத்தத்தில் ஏரியில் இருந்த பூநாரை அத்தனையும் எழுந்து பறந்து, இரண்டு வருஷம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பதினாறில் கயிற்றுக்கட்டில் அகலத்துக்கு ஒரு நண்டு பிடித்தேன். அது என்னை முதுகில் ஏற்றி ஆந்திரா கரைவரை போய், தெலுங்கில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. இதையெல்லாம் உன் ஆட்டத்தில் போடு. எவன் தாண்டுகிறான் பார்க்கலாம்.

ஏரிக்கும் அதன் நண்டுகளுக்கும் அதிபதி,
தசரதன்


பெங்களூரு
11.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தது என் தப்பு. நான் சிரித்த சிரிப்பில் சாம்சன் சார் எழுந்து வந்துவிட்டார். அவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர், தூத்துக்குடிக்காரர். படித்துக் காட்டினேன். "நண்டு சைஸ் கொஞ்சம் சந்தேகமா இருக்கே"ன்னு மட்டும் சொன்னார்.

அந்தப் பொத்தானைத் தொட்டதற்கு வருத்தப்படாதீர்கள். விளையாடுகிற நூறு பேரில் எண்பத்திரண்டு பேர் அதைத்தான் தொடுகிறார்கள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் நான் இதைச் சரிசெய்யாவிட்டால், பதின்பருவம் என்கிற கட்டத்தையே எடுத்துவிடப் போகிறார்கள். குழந்தை படுக்கும், பெரிய ஆளாக எழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆட்டத்துக்குள் பரீட்சை வைத்துப் பார்த்தேன். முகப்பரு, காதல், அப்பா அம்மா சண்டை, கிரிக்கெட் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வீட்டுவேலைப் பட்டியல் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

அதனால் போன சனிக்கிழமை ஒரு சோதனைக்காக நம் வீட்டையே ஆட்டத்துக்குள் கட்டினேன். அம்மா கருவாடு காயவைக்கிறாள். நைனா வலை பின்னுகிறார். நீங்கள் படகில் மல்லாந்து படுத்து வேலை செய்வதுபோல் நடிக்கிறீர்கள். என்னைப் பதினாலு வயதில் விட்டு ஓடவிட்டேன். நாள் நகர்ந்தது. சட்டென்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வயதில் நீங்கள் அந்த வீட்டில் இல்லையே, மாமா.

என் மஞ்சள் நீராட்டு முடிந்து ஒன்பதாம் நாள் போனீர்கள். ஆட்டத்திலிருந்து உங்களை எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. சண்டை போடாமல், சாகாமல், ஒரு ஆள் வீட்டை விட்டுப் போவதற்கு எங்கள் ஆட்டத்தில் வழியே கிடையாது. நாங்கள் அப்படி ஒன்றை யோசிக்கவே இல்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வருஷம், பள்ளிக்கூடம் விட்டதும் பழவேற்காட்டில் பொன்னேரி பஸ் வந்து நிற்கிற இடத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அம்மா உங்களை ஓடுகாலி என்பாள். நைனா வாயே திறக்கமாட்டார். நீங்கள் திரும்பி வந்ததும் திமிங்கிலம் விழுங்கிவிட்டது என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது கேட்கிறேன். ஏன் போனீர்கள்? ஆட்டத்துக்காக மட்டும் கேட்கவில்லை.

அன்புடன்,
அர்ச்சனா


கோட்டைக்குப்பம்
18.8.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அதிர்ச்சியில் கையிலிருந்த டீ கிளாஸ் ஏரியில் விழுந்து, இந்தப் பக்கத்து மீனெல்லாம் இரண்டு நாளாகத் தூங்காமல் அலைகிறது. திமிங்கிலத்தையே சந்தேகப்பட்டால் பிறகு இந்த உலகத்தில் எதைத்தான் நம்புவாய்?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்றைக்கு முகத்துவாரத்தில் நல்ல நீரேற்றம். கடலிலிருந்து ஐந்நூறு அடித் திமிங்கிலம் ஒன்று ஏரிக்குள் தலையை நீட்டி, "இந்த ஊர்ல ஒண்ணுத்துக்கும் உதவாதவன் யாரு?"ன்னு கேட்டது. ஊரே என்னைக் கை காட்டியது. உன் நைனா இரண்டு கையாலும் காட்டினார். அப்படியே வாய்க்குள் போய், கன்னியாகுமரியைச் சுற்றி, மங்களூர்ப் பக்கம் மல்பேயில் போய் இறங்கினேன். உள்ளே இருட்டு என்றாலும் வசதிக்குக் குறைவில்லை. ஈரல் பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது.

அந்தத் திமிங்கிலத்துக்குத் தெரியாத சேதி கிடையாது. நீ பன்னிரண்டாவது எழுதிய வருஷம், மே மாசத்து வெயிலில் தண்ணீருக்கு மேலே வந்து, "ஒங்கக்கா பொண்ணு ஆயிரத்து அறுபத்தேழு"ன்னு சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டது. அந்தத் தண்ணீர் மழையாகப் பெய்து மூன்று ஜில்லாவில் குளம் நிரம்பியது.

இவ்வளவுதான் விஷயம். இதற்குமேல் கேட்காதே. முக்கியமாக உன் அம்மாவிடம் கேட்காதே. அவளுக்குத் திமிங்கிலம் பற்றி ஒன்றும் தெரியாது.

கடல் வயிற்றில் நான்கு வருஷம் வாசம் செய்தவன்,
தசரதன்


பெங்களூரு
27.8.2025

மாமா,

அம்மாவிடம் கேட்டேன். கேட்காதே என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

போனில் பேசிக்கொண்டே கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். கூடை இழுக்கிற சத்தம் கேட்டது. "அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்குற? ஒன்ன அவனுக்குத்தான்னு பேசி முடிச்சிருந்தோம். ஊர்லயும் சொல்லியாச்சு. மாப்ள ஓடிட்டான்" என்றாள்.

"எனக்குப் பதினாலு வயசும்மா."

"தாலி பதினெட்டுக்கு அப்புறம்தான். பேச்சுதான முடிஞ்சுது" என்றாள். அப்புறம் அங்கே மழை உண்டா என்று விசாரித்தாள்.

போனை வைத்ததும் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு நான் நீலப் பட்டுப்பாவாடையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கொண்டுவந்த வரிசைத் தட்டை எண்ணினேன். ஐம்பத்தொன்று. எங்கள் தெருவில் எந்த மாமனும் அத்தனை வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மாசம் அதே பேச்சாகப் பேசினேன். அது எனக்கு வந்த சீர் என்று நினைத்திருந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்த வரிசையா அது?

நீங்கள் கேட்டீர்களா, மாமா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் திமிங்கிலம் வந்தால் அதற்கும் பதில் போடமாட்டேன், இனி எதற்கும் போடமாட்டேன்.

அர்ச்சனா


கோட்டைக்குப்பம்
2.9.2025

அர்ச்சனா,

கேட்கவில்லை.

ஒரே வார்த்தையில் நான் பதில் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. தொடங்கி வைத்தது நான்தான்.

உன் விசேஷத்துக்கு முந்தின மாசம் பக்கத்துத் தெருவில் ஒரு தாய்மாமன் இருபத்தொரு தட்டு வைத்தான். ஊர் அவனைப் பற்றியே பேசியது. நான் உன் நைனாவின் வலையில் கூலிக்கு இழுக்கிறவன், என்னிடம் ஒன்றும் இல்லை, வாய் மட்டும்தான் உண்டு. "எங்கக்கா மவளுக்கு ஐம்பத்தொரு தட்டு"ன்னு சொல்லிவிட்டேன். சொன்னபிறகு செய்யாமல் இருக்க முடியுமா? வரதன் கடையில் தட்டுகளை வாடகைக்கு எடுத்தேன். ஒரு தட்டுக்கு ஒரு ஆப்பிள். ஒரு தட்டில் சோப்பு, ஒரு தட்டில் சீப்பு மட்டும். கடைசித் தட்டுக்கு வைக்க ஒன்றுமில்லை, மேலே பட்டுத்துணியைப் போட்டு மூடிவிட்டேன். பொன்னேரியிலிருந்து பேண்டு.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஊர் பார்க்கவில்லை, எண்ணத்தான் செய்தது. நீ உள்ளே உட்கார்ந்திருந்தாய்; வாசலில் ஆண்கள் கூட்டத்தில், ஊரின் பாடு நோட்டு எழுதுகிற சுப்பராயலு எழுந்து நின்றார். "இருபத்தொண்ணு வரைக்கும்தான் சீரு. அதுக்கு மேல போனா பரிசம். தசரதன் பொண்ணு கேக்குறான்யா"ன்னு சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பாடு பிரிக்கிற ஊர்க் கூட்டத்துக்குப் பெண்களை விடாததால் உனக்கு இது முழுதும் தெரிந்திருக்காது. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் பிரித்துக் கொடுக்கிறதே, அந்தப் பாடு, கல்யாணம் ஆனவனுக்குத்தான். அவன்தான் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் எத்தனை வயசானாலும் அடுத்தவன் வலையில் கூலி. பேச்சு முடிந்தாலே கல்யாணம் ஆன கணக்குதான் என்று சுப்பராயலு அன்று சாயங்காலமே என் பெயரை நோட்டில் எழுதிவிட்டார். "தை மாசச் சீட்டுல ஒம் பேரும் விழும்டா"ன்னு தோளைத் தட்டினார். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்ணும் வீட்டிலேயே, தம்பியும் வீட்டிலேயே, பாடும் வீட்டிலேயே. அவளுக்கு அது தெய்வம் கொடுத்ததுபோல் இருந்தது.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு சாயங்காலம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. பாடு கிடைப்பதைப் பற்றித்தான் நினைத்தேன். எந்த இடம் விழும், எந்தப் பக்கம் வலை கட்டலாம் என்று மனசுக்குள் ஏரியையே அளந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நீ வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது. "மாமா, அந்தக் கடைசித் தட்டுல துணிக்குக் கீழ இன்னா இருந்துச்சு?"ன்னு கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். "எனக்கு அப்பவே தெரியும். நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"ன்னு சொல்லிவிட்டு, சடை ஆட ஓடிப்போனாய்.

என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிற இந்தச் சின்னப் பிள்ளையையா எனக்கென்று எழுதியிருக்கிறார்கள்? இடி விழுந்தமாதிரி ஆகிவிட்டது. அன்றே உன் அம்மாவிடம் முடியாது என்றேன். "ஊரு முன்னால ஐம்பத்தொரு தட்டு வெச்சிட்டு இப்ப வாணான்னா, எம் பொண்ணுகிட்ட இன்னா கொறன்னு கேக்கமாட்டாங்களா?"ன்னு கேட்டாள். எட்டு நாள் யோசித்தேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் பெண்ணிடம் குறை தேடுவார்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டால் அவன் ஓடுகாலி, பேச்சு அவனோடு முடிந்தது. ஒன்பதாம் நாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். மல்பேயில் படகு வேலை. சுப்பராயலு என் பெயரை அடித்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. இன்னும் அது அடித்தபடியேதான் இருக்கிறது. முப்பத்தெட்டு வயசிலும் உன் நைனா வலையில் நான் கூலிதான்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், உன் பதினாலு வயசாவது உனக்கு முழுசாக இருக்கட்டும் என்பதுதான். பஸ் நிற்கிற இடத்தில் நீ நின்றது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் அதைப் படித்த நாளிலிருந்து அந்த இடத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. சந்தைக்குச் சுற்றுவழியில் போகிறேன்.

உன் மாமன்,
தசரதன்


பெங்களூரு
6.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாசம் எழுதவில்லை. முதல் இரண்டு வாரம் கோபம். தட்டு வைத்ததற்காக இல்லை. என்னைப் பற்றிய ஒன்றை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நீங்களும் முடிவு செய்தீர்களே, அதற்கு. அந்த ஒரு விஷயத்தில் நீங்களும் ஊரும் ஒன்றுதான். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பாதியை அம்மா பக்கம் மாற்றிவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் வேலை. பதின்பருவத்தில் நாங்கள் செய்த தப்பு அப்போதுதான் பிடிபட்டது. அந்தப் பிள்ளை என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தோம். அந்த வயதில் அவளைச் சுற்றி மற்றவர்கள் அவளுக்குத் தெரியாமல் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அதை எழுதினேன். இப்போது எங்கள் ஆட்டத்தில் பிள்ளைக்குப் பதின்மூன்று ஆனதும், வீட்டில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை முடிவு செய்கிறார். விளையாடுகிறவருக்கு அது தெரியாது. அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். சாப்பாட்டில் ஒரு தட்டு குறையும். ஒருநாள் ஒரு ஆள் பஸ் ஏறிப் போய்விடுவார். ஏன் என்று அவள் வளர்ந்தபிறகு ஒரு கடிதம் வரும். அதுவரை அவளோடு இருந்து பார்க்க வேண்டும். தாண்டினால் கடிதம் வராது.

போன வாரம் நாற்பது பேரை உட்காரவைத்து விளையாடச் சொன்னோம். முப்பத்தாறு பேர் பொத்தானைத் தொடவில்லை. ஒரு அம்மா தன் பெண்ணைப் பஸ் நிற்கிற இடத்திலேயே ஆட்டத்தின் கணக்குப்படி மூன்று வருஷம் நிறுத்திவைத்திருந்தார். "வேற ஏதாவது பண்ணிப் பாருங்க மேடம்"னு சாம்சன் சார் சொன்னார். "அந்த நேரத்துல அவர் வந்துட்டார்னா?"ன்னு கேட்டார் அந்த அம்மா. சாம்சன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதின்பருவத்தை எடுக்கப்போவதில்லை.

இன்னொன்றும் செய்தேன், யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஆட்டத்தின் மீனவ ஊரில் ஒரு ஆள் என்றால் ஒரு தலைக்கட்டு. கல்யாணம் ஆனதா என்று நோட்டு கேட்காது.

தீபாவளிக்கு முந்தினநாள் வருகிறேன். பொன்னேரியிலிருந்து நாலு மணி பஸ். நீங்கள் பஸ் நிற்கிற இடத்தில் வந்து நில்லுங்கள், மாமா. நான்கு வருஷம் வேண்டாம், ஒரு சாயங்காலம் நின்றால் போதும்.

அன்புடன்,
அர்ச்சனா


கோட்டைக்குப்பம்
11.10.2025

பல்லாயிரம் பேரைப் பஸ் நிறுத்தத்தில் நிறுத்திவைத்த என் மருமகளுக்கு,

புது ஆட்டத்தை நீ உன் அம்மா போனில் சொன்ன வழியில் ஏற்றி விளையாடினேன். ஒரு பெண்ணை வளர்த்தேன். பதினாலாம் வயதில் அவளுடைய மாமன்காரன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். இன்ன காரணம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான், நானே அதிர்ந்து எழுந்து நின்று, "டேய், எங்கடா போற"ன்னு போனைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்துப் படகில் உன் நைனா வலையைக் கை நழுவ விட்டுவிட்டார். பிறகு அந்தப் பெண்ணை நிறுத்தத்தில் நிறுத்தி, கை அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வரவில்லை. அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்காரர் கை சுட்டுவிடும்.

அதனால் உன் கோபத்தில் மீதிப் பாதியை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதே. கொண்டு வா.

உன் அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு நாளாகத் திருப்பிப் போட மறந்துவிட்டாள், கருவாடு ஒரு பக்கமாகவே காய்கிறது. இன்று காலையில், "அவளுக்கு எந்த மீனு புடிக்கும்னு ஒனக்கு ஞாபகம் இருக்காடா?"ன்னு என்னைக் கேட்டாள்.

நாலு மணி பஸ்ஸுக்கு நான் விடியற்காலையிலேயே போய் நின்றுவிடுவேன். பேண்டு, யானை, ஐநூற்றொரு தட்டு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. எல்லாம் பட்டுத்துணி போட்டு மூடியிருக்கும், திறக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

முதல் கடிதத்தில் ஏரித் தண்ணீரில் சத்தியம் செய்தேன் அல்லவா, அந்தக் கணக்கை முடித்துவிடுகிறேன். பூநாரை பொய். நண்டு பொய், சாம்சன் சாரிடம் சொல்லிவிடு. திமிங்கிலமும் அதன் ஈரல் பக்கத்து டீக்கடையும் பொய். ஆனால் அந்தத் திமிங்கிலம் சொன்ன மார்க்கு, அது பொய் இல்லை. ரிசல்ட் அன்று மல்பே துறைமுகத்தில் ஒரு பெட்டிக்கடைப் போனிலிருந்து உன் பள்ளிக்கூடத்துக்குப் பேசினேன். கல்வி ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்று கனமான குரலில் சொன்னேன். எடுத்தது இளவரசி டீச்சர். "தசரதா, உங் கொரல் எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள்.

ஆயிரத்து அறுபத்தேழு. படகில் இருந்த பதினோரு பேரிடமும் சொன்னேன். ஒருவன்கூட நம்பவில்லை.

தசரதன்